ஐந்து நிமிட வேலைக்கு நானூறு ரூபாயா?

"ஐந்து நிமிட வேலை. ஒரே ஒரு ஸ்குருவைத் திருகினான். அதற்கு நானூறு ரூபாய் கேட்கிறான். இது பகற்கொள்ளை அல்லாமல் வேறென்ன?"

இந்தப் பேச்சை நாம் ஊரெங்கும் கேட்கிறோம். டீக்கடையில் கேட்கிறோம், பஸ்ஸில் கேட்கிறோம், திண்ணையில் கேட்கிறோம். கேட்பதோடு நிற்கிறோமா? இல்லை. நம்மில் பலர் இதே பேச்சைப் பேசியும் இருக்கிறோம். எலக்ட்ரீசியனிடம் பேசியிருக்கிறோம், பிளம்பரிடம் பேசியிருக்கிறோம், செருப்புத் தைக்கும் தோழனிடமும் பேசியிருக்கிறோம். சென்ற வாரம் அது நமது அலுவலகத்திலேயே ஒலித்தது. ஆகவே இதை ஊராரின் குற்றமாக எழுதி நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. நம் வீட்டுக் குற்றமாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். இரவு எட்டரை மணி. வெளியே தூறல். திடீரென்று முன்னறையில் விளக்குகள் கண்ணைப் பறிக்கும் வண்ணம் எரிந்தன. மின்விசிறி பேய் பிடித்தாற்போல் சுழன்றது. அதே நேரத்தில் பின்னறையில் விளக்குகள் மங்கி, மின்விசிறி ஊர்ந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு மூலையிலிருந்து கருகல் வாடை வந்தது. தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவருக்குத் தகவல் போயிற்று. மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து நனைந்துகொண்டே வந்தார். வந்தவர் எதையும் உடனே தொடவில்லை. "எந்த ரூம்ல வெளிச்சம் கூடிச்சு? எந்த ரூம்ல மங்கிச்சு?" என்று இரண்டே கேள்விகள் கேட்டார். மெயினை அணைத்தார். மீட்டர் வைத்துச் சோதித்தார். போர்டைத் திறந்தார். கருகிக் கிடந்த நியூட்ரல் கம்பியின் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, புது நுனி சீவி, பழைய இடத்தில் பொருத்தி, ஸ்குருவை இறுக்கினார். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. நானூறு ரூபாய் கேட்டார்.

"ஒரு ஸ்குருவுக்கு நானூறா?" என்று கேட்டார் நமது தோழர் ஒருவர். இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். வந்தவர் வாதாடவில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "எர்த்தையும் ஒரு தடவை பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

இருநூறு ரூபாயைக் குறைத்த அந்தத் தோழர் யார்? அன்று காலையில்தான் ஆலை வாயிலில் நின்று, "எங்கள் உழைப்பின் விலையை நீ தீர்மானிக்க நீ யார்?" என்று நிர்வாகத்தைப் பார்த்து முழங்கியவர்! காலையில் கேட்ட கேள்வியை மாலையில் நம்மைப் பார்த்து ஒருவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. கேளாமல் போனதுதான் நம்மை உறுத்துகிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது?

மூன்று பேஸ் இணைப்புள்ள கட்டடத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒவ்வொரு அறைக்கும் வரவேண்டியது ஏறத்தாழ 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே இருப்பதோ 400 வோல்ட். இவற்றைச் சமனாகப் பிடித்து நிறுத்துவது நியூட்ரல். அது அறுந்தால் தராசின் முள் பிடுங்கப்பட்ட கதைதான். எந்த அறையில் குறைவான சாமான்கள் ஓடுகின்றனவோ அங்கே வோல்டேஜ் ஏறும். அதிகமாக ஓடும் அறையில் இறங்கும். ஏறிய பக்கத்தில் விளக்கு வெடிக்கும், குளிர்பதனப் பெட்டி எரியும். யாரும் கவனிக்காவிட்டால் கட்டடமே தீப்பிடிக்கும். வந்தவர் கேட்ட இரண்டு கேள்விகளின் பொருள் இதுதான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தவுடன் நோய் இன்னதென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்குருவைத் திருக யாராலும் முடியும். எந்த ஸ்குரு என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். தெரியாத கை ஒன்று அவசரத்தில் பேஸ் கம்பியையும் நியூட்ரலையும் இடம் மாற்றிச் சொருகியிருந்தால், அலுவலகத்திலிருந்த சாமான்கள் எரிந்திருக்கும். அந்தக் கையும் எரிந்திருக்கும். நமது அச்சு வேலைக்கான கணினிகளின் விலை என்ன? உள்ளே இருந்த ஆறு பேரின் உயிருக்கு விலை என்ன? இருநூறு ரூபாயை மிச்சம் பிடித்தோம் என்று மார்தட்டியவர் இந்தக் கணக்கைப் போட்டாரா?

அந்த அறிவு அவருக்கு ஒரே நாளில் வந்ததல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் படிப்பு 2 ஆண்டு. பிளம்பர் படிப்பு 1 ஆண்டு. படித்து முடித்தவுடன் யாரும் தனியாக வேலைக்கு அழைப்பதில்லை. மேஸ்திரியின் பின்னால் ஏணி தூக்கவேண்டும், சுவர் கொத்தவேண்டும், ஷாக் வாங்கவேண்டும், திட்டு வாங்கவேண்டும். அத்தனையும் கழித்து, தனிக் கையாக நிற்பதற்குள் வாலிபத்தில் பல ஆண்டுகள் போய்விடும். அந்த ஆண்டுகளுக்கு அவருக்குக் கூலி கொடுத்தவர் யார்? பாதிக் கூலியும் சாப்பாடும்தான் கிடைத்திருக்கும். மீதியை அவர் எங்கே வசூலிப்பது? இப்படி வரும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வசூலிக்கவேண்டும்.

இது நமது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. முதலாளித்துவப் பொருளாதாரத்தின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் 1776-லேயே இதை ஒப்புக்கொண்டார்: தொழில் கற்றவனை விலையுயர்ந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டு, போட்ட செலவை அந்த இயந்திரம் திருப்பித் தருவதுபோல் கற்ற செலவை அவன் கூலி திருப்பித் தரவேண்டும் என்றார். 1867-ல் வெளிவந்த 'மூலதன'த்தில் மார்க்சும், தேர்ந்த உழைப்பு என்பது பன்மடங்காக்கப்பட்ட எளிய உழைப்பாகவே கணக்கிடப்படுகிறது என்று விளக்கினார். எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரும் ஒத்துக்கொண்ட உண்மை நமது அலுவலக வாசற்படியில் மட்டும் எப்படித் தடுக்கி விழுந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஐந்து நிமிடத்துக்கு நானூறு என்றால் மணிக்கு 4,800 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 38,400 ரூபாய். நமது தோழரின் கணக்குப்படி அந்த எலக்ட்ரீசியன் நாளொன்றுக்கு முப்பத்தெட்டாயிரம் சம்பாதிக்கும் சீமானாக இருக்கவேண்டும்! ஆனால் அவர் குடியிருப்பது வாடகை வீட்டில். ஓட்டுவது பழைய வண்டி. கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது அல்லவா?

பிழை இங்கேதான். ஐந்து நிமிடம் என்பது நம் கடிகாரம். அவர் கடிகாரத்தில் அது ஒன்றரை மணி நேரம். எட்டரைக்குக் கிளம்பியவர் வீடு திரும்பும்போது பத்து. ஒரு நாளில் இப்படி எத்தனை அழைப்பு வரும்? உதாரணத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு முந்நூறு என்றால் தொள்ளாயிரம். பெட்ரோல், போன், தேய்ந்துபோகும் கருவிகள் என்று இருநூறைக் கழியுங்கள், எழுநூறு. மாதத்தில் 22 நாள் வேலை கிடைத்தால் 15,400 ரூபாய். ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு ஏறும், இறங்கும். ஆனால் இந்தத் தொகையில்தான் வாடகை, அரிசி, பிள்ளைகளின் படிப்பு, மருந்து எல்லாம். பிராவிடண்டு பண்டு இல்லை. ஈ.எஸ்.ஐ. இல்லை. போனஸ் இல்லை. சம்பளத்தோடு விடுமுறை இல்லை. ஏணியிலிருந்து விழுந்தால் அந்த மாதம் அடுப்பில்லை.

1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பது மே தினத்தின் உயிர்க் கோரிக்கை. நூறாண்டு கடந்தும், இரவு பத்து மணிக்கு நனைந்துகொண்டு வீடு திரும்பும் இந்தத் தொழிலாளிக்கு அந்த எட்டு மணி நேரம் வந்து சேரவில்லை. அவருக்கு முதலாளி யார் என்று கேட்டால், அழைத்தவரெல்லாம் முதலாளி. ஆம் தோழர்களே! அந்த இரவில் நாம்தான் முதலாளி. முதலாளி என்ன செய்வானோ அதையே நாமும் செய்தோம்.

ரஸ்கின் தடுமாறிய இடம்

கொள்கை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவது புதிதல்ல. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் என்றொரு பேரறிஞர் இருந்தார். உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும், மனிதனை இயந்திரமாக எண்ணும் பொருளாதாரம் ஒழியவேண்டும் என்று 1860-ல் 'அன்டு திஸ் லாஸ்ட்' என்னும் கட்டுரைகளை எழுதியவர். 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயில் பயணத்தில் அதைப் படித்த காந்தியார் தமது வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பது அந்நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று.

அதே ரஸ்கின் 1877-ல் விஸ்லர் என்ற ஓவியரின் படத்தைப் பார்த்து, வர்ணத்தை வாரியடித்துவிட்டு இருநூறு கினி கேட்பதா என்று இழித்து எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1878-ல் விசாரணை நடந்தது. இரண்டு நாள் வேலைக்கா இருநூறு கினி என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். இரண்டு நாளுக்கல்ல, வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவுக்குத்தான் கேட்கிறேன் என்ற பொருளில் ஓவியர் பதில் சொன்னார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. நஷ்டஈடு எவ்வளவு? ஒரு பார்த்திங்! ஒரு பென்னியில் நாலில் ஒரு பங்கு! தம் தரப்பு வழக்குச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. மறு ஆண்டே ஓவியர் திவாலானார்.

உழைப்பின் மதிப்பை உலகுக்குச் சொன்னவரே, தம் கண்முன் ஒரு கைத்தொழிலாளி விலை சொன்னபோது அதை இழித்துப் பேசினார். உலகம் கைதட்டிவிட்டுக் காலணாவும் பெறாத காசைக் கொடுத்தது. ரஸ்கினே தடுமாறினார் என்றால் நமது தோழர் எம்மாத்திரம் என்று சமாதானம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொள்கை மேடையில் இருக்கிறதா, சட்டைப் பையைத் தொடும்போதும் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்துக்கொள்ளவே எழுதுகிறோம்.

பேரம் எங்கே நடக்கிறது?

இன்னொன்றையும் சிந்திக்கவேண்டும். நாம் எல்லோரிடமும் பேரம் பேசுகிறோமா? டாக்டர் நாடி பார்த்து மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதுகிறார். "மூன்று நிமிடத்துக்கு ஐந்நூறா, இந்தாருங்கள் இருநூறு" என்று யாராவது சொன்னதுண்டா? வக்கீல் ஒரு கையெழுத்துப் போடுகிறார், கேட்டதைக் கொடுக்கிறோம். நகைக் கடையில் செய்கூலி, சேதாரம் என்று போட்ட தொகையை வாய் திறவாமல் கட்டுகிறோம். நெருப்பின் முன் குனிந்து அந்த நகையைச் செய்த பொற்கொல்லரிடம் நேரே போனால் மட்டும் கிராமுக்குக் கிராம் சண்டை பிடிக்கிறோம்! கண்ணாடிக் கதவும் குளிர்பதனமும் கேட்டால் அது விலை. அழுக்குச் சட்டை கேட்டால் அது கொள்ளை. இது என்ன நியாயம்?

இந்த மனப்பான்மைக்கு வேர் ஆழமானது. நம் கிராமங்களில் தச்சர், கொல்லர், நாவிதர், சலவைத் தொழிலாளி ஆகியோருக்கு வேலைக்கு இவ்வளவு என்று விலை இருந்ததில்லை. ஆண்டு முழுதும் உழைத்துவிட்டு, அறுவடை நாளில் களத்து மேட்டில் கைகட்டி நின்றால், மிராசுதார் அளந்ததுதான் கூலி. விலையைத் தீர்மானிக்கும் உரிமை வாங்குகிறவனுக்கு. நன்றி சொல்லும் கடமை உழைத்தவனுக்கு. பிறப்பால் தொழிலையும் தொழிலால் தாழ்வையும் கற்பித்த சமுதாயம் அப்படித்தான் கூலி அளந்தது. களத்து மேடு போய்விட்டது, கைகட்டுவதும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் "நான் கொடுப்பதை வாங்கிக்கொள்" என்ற குரல் போகவில்லை. தன் தொழிலுக்குத் தானே விலை சொல்லும் தொழிலாளி, அந்தப் பழைய களத்து மேட்டைத் தாண்டி வந்தவன். அவனைத் திரும்ப அங்கே தள்ளும் வேலையை நாம் செய்யலாமா?

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் கேட்டதெல்லாம் நியாயமா? இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லுவோம்.

நல்ல பாகத்தைக் கெட்டது என்று சொல்லி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு விலையேற்றிச் சாமான் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதான அம்மாள் தனியாக இருக்கும் வீடு என்று கண்டால் இரட்டிப்பாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இது உழைப்பின் விலை அல்ல. அறியாமையின் மேல் போடும் வரி. இவர்களை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். இவர்களால்தான் நேர்மையான தொழிலாளியின் நானூறும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

இன்னொரு பக்கம், கொடுக்கிறவர் யார்? துப்புரவுத் தொழிலாளியின் வீட்டிலும் குழாய் ஒழுகுகிறது. விசைத்தறித் தொழிலாளியின் வீட்டிலும் பியூஸ் போகிறது. அவர்களுக்கு நானூறு ரூபாய் என்பது அரை நாள் கூலிக்கும் மேல். அவர்கள் "நானூறா?" என்று மலைத்தால் அது கஞ்சத்தனமல்ல, இல்லாமை. அந்த மலைப்பை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் கேட்கிறோம்: துப்புரவுத் தொழிலாளியின் கூலி குறைவாக இருப்பதற்கு எலக்ட்ரீசியனா காரணம்? குறைந்த கூலியை உயர்த்தப் போராடுவது ஒரு வழி. உயர்ந்த கூலியைக் கீழே இழுத்து இரண்டு பேரையும் ஒரே பள்ளத்தில் நிறுத்துவது இன்னொரு வழி. முதல் வழி தொழிலாளியின் வழி. இரண்டாவது யாருடைய வழி என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

இடையே புதிதாக ஒரு தரகரும் வந்திருக்கிறார். கைபேசிச் செயலியில் ஆளை அனுப்பி, வாங்கும் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள்தாம் அவை. அங்கே விலை எழுதியிருக்கிறது. நாமும் பேசாமல் கட்டுகிறோம். வேலை செய்தவர் கைக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்பதில்லை. எலக்ட்ரீசியனிடம் குறைத்த இருநூறு அவர் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்தது. தரகருக்கு மனமுவந்து கொடுக்கும் இருநூறோ பங்குதாரரின் பெட்டிக்குப் போவது.

என்ன செய்யவேண்டும்?

தொழிலாளத் தோழர்களுக்கு முதலில் சொல்லுகிறோம். வேலை தொடங்குமுன் விலையைச் சொல்லுங்கள். வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு, சாமானுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். என்ன கோளாறு, ஏன் வந்தது என்று இரண்டு வார்த்தை விளக்குங்கள். ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் கூலியில்லாமல் வந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள். தனித்தனியாக நின்றால் ஒவ்வொரு வாசலிலும் பேரம்தான். ஊரிலுள்ள எலக்ட்ரீசியன்களும் பிளம்பர்களும் சங்கமாகக் கூடி, சாதாரண வேலைகளுக்கு விலைப் பட்டியல் அச்சிட்டு, கடைவீதியில் தொங்கவிடுங்கள். முடிதிருத்தும் தோழர்கள் இதை எத்தனையோ காலமாகச் செய்து வருகிறார்கள். அவர்கள் கடையில் பலகையைப் பார்த்த பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

இன்னொரு கடமையும் உண்டு. தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் வந்தது. அதன்கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. மின் வேலை, குழாய் வேலை செய்வோரும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்யாதவர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்விப்பது நமது கிளைத் தோழர்களின் பொறுப்பு. பேசிப் பயனில்லை, பாரத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டும்.

வேலைக்கு அழைக்கும் தோழர்களுக்கும் சொல்லுகிறோம். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை முன்னரே சொல்லுங்கள். கட்டாது என்றால் தொடங்குமுன் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு குறைப்பது பேரமல்ல, மோசடி. செய்து முடித்த வேலையை அவரால் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியாது என்ற தைரியத்தில்தானே குறைக்கிறோம்? ஆலை முதலாளி மாதக் கடைசியில் சம்பளத்தைப் பிடித்தால் அதற்கு நாம் என்ன பெயர் வைத்தோமோ, அதே பெயர்தான் இதற்கும்.

கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. சொன்ன விலை முன்னரே சொல்லப்பட்டதா? செய்த வேலை உண்மையில் தேவையானதா? அது நிலைக்கும்படி செய்யப்பட்டதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், ஐந்து நிமிடமா ஐம்பது நிமிடமா என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். சீக்கிரம் முடித்தவன் குறைவாகப் பெறவேண்டும் என்றால், தெரியாதவன் நாள் முழுதும் சுவரை உடைத்துவிட்டு அதிகம் பெறவேண்டியதுதான்! தேர்ச்சிக்கு அபராதமும் தடுமாற்றத்துக்குப் பரிசும் கொடுக்கும் கணக்கை எந்தப் பட்டறையும் ஏற்காது.

மறுநாள் காலை நமது தோழர் தாமாகவே அந்த எலக்ட்ரீசியனின் வீட்டுக்குப் போனார். மீதி இருநூறைக் கொடுத்தார்; பேசியது தவறு என்றும் சொன்னார். "நானும் முன்னாடியே சொல்லியிருக்கணும்ணே. மழை, அவசரம், விட்டுட்டேன்" என்றார் அவர். பணத்தை வாங்கிக்கொண்டார். வாங்காமல் பெருந்தன்மை காட்டவில்லை. காட்டவேண்டியதில்லை, அது அவருடைய பணம். அன்று மாலையே வந்து எர்த்தையும் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார். இந்த முறை விலையை முதலில் சொன்னார். யாரும் குறைக்கவில்லை.

ஆலை வாயிலில் கேட்கும் நியாயத்தை அலுவலக வாயிலில் கொடுக்கப் பழகுவோம். நம் உழைப்புக்கு விலை சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமானால், அடுத்தவன் தன் உழைப்புக்கு விலை சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேட்போம்.